டர்போவுக்கு வடிச்சல் வெட்டிய நாட்கள்

போன கிழமை எங்கள் வீட்டு ஏசி அழுதது. மகள் ஆசைப்பட்டுப் பூட்ட வைத்தது. பூட்டி மூன்றாம் நாளே சுவரோரமாகத் தண்ணீர் வழிந்து மெத்தையின் ஒரு மூலை ஊறிப்போனது. பூட்டியவரைக் கூப்பிட்டோம். நல்ல மனிதர். மூடியைக் கழற்றி, டோர்ச் அடித்துப் பார்த்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டு, "மிஷின்லதான் பிழை மாமா. கழட்டித் திருப்பி அனுப்பணும்" என்றார்.

நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். "இந்த வயசுல ஏறி விழுந்து இடுப்ப ஒடச்சிக்கொள்ளப் போறாரு, நீங்களாச்சும் சொல்லுங்க" என்று மனைவி அந்த ஏசிக்காரரிடமே என்னைப் பற்றி முறையிட்டாள். சுவரைத் துளைத்து வெளியே போகிற வெள்ளைக் குழாய் அலமாரிக்குப் பின்னால் ஓரிடத்தில் தொய்ந்து, பிள்ளை கிடக்கிற ஏணை மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தொய்வை உள்ளங்கையால் தூக்கிப் பிடித்தேன். வெளியே முருங்கையடியில் சளசளவென்று தண்ணீர் கொட்டியது.

"மாமா ஏசி வேலை செஞ்சிருக்கீங்களா?"

"இல்ல மனே. டர்போவுக்கு வடிச்சல் வெட்டியிருக்கன்."

பகிடி என்று நினைத்துச் சிரித்தார். அவர் சிரித்ததில் பிழை இல்லை. வடிச்சல் என்பது எங்கள் பக்கத்தில் வயலில் மிஞ்சிய தண்ணீர் வெளியேறுகிற வாய்க்கால். அதைக் கொண்டுபோய் வாகன எஞ்சினுக்கு யார் வெட்டுவார்? நான் வெட்டினேன். இருங்கள், சொல்கிறேன். தேத்தண்ணி வரும்.

அன்று பின்னேரம் முழுக்க அந்தக் கையில் எரிந்த ஒயில் மணக்கிற மாதிரி எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. கையில் ஒன்றும் இல்லை, மணமெல்லாம் மூளைக்குள்தான். கறுத்த எஞ்சின் ஒயில் சூடான இரும்பில் பட்டுக் கருகும்போது வருகிற மணம் இருக்கிறதே, அது சவர்க்காரத்துக்குப் போகாது, தேசிக்காய்க்குப் போகாது, மண்ணெண்ணெய்க்குக் கொஞ்சம் இறங்கி வரும், பிறகு திரும்பவும் ஏறிவிடும். அந்தக் காலத்தில் கலியாண வீடுகளுக்குப் போனால் சஹன் என்கிற ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேராக உட்கார்ந்து சாப்பிடுவோம். என் நகக்கண்ணைப் பார்த்த ஐந்து பேரும் தங்கள் பக்கத்துச் சோற்றுக்கு வரம்பு கட்டுகிற மாதிரி விரலால் கோடு போட்டுக்கொள்வார்கள். எனக்குக் கோபம் வராது. என் பக்கத்து இறைச்சிக்கு யாரும் வரமாட்டார்கள் அல்லவா?

கராஜுக்கு வருவதற்கு முன் நான் செய்யாத தொழில் குறைவு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நான் அதை விட்டேன் என்று சொன்னால் பெருமையாக இருக்கும், ஆனால் உண்மை அதுவல்ல. மருதமுனையில் மூன்று மாதம் நூலுக்குச் சாயம் போட்டேன். கை இரண்டும் ஊதா நிறமானதுதான் மிச்சம். வரிப்பத்தான்சேனையில் இரண்டு போகம் வயல் வேலை செய்தேன், வாடி என்கிற வயல் குடிசையில் படுத்தேன், காய்ச்சல் வந்தது, வீட்டுக்கு வந்தேன். பிறகு சாய்ந்தமருதுக் கடற்கரையில் வள்ளங்களுக்கு எஞ்சின் பூட்டுகிற இடத்தில் நாலு வருடம் நின்றேன். அங்கேதான் ஸ்பனர் பிடிக்கப் பழகினேன். ஓரிடத்தில் நிற்காத கால் என்று உம்மா சொல்வார். அந்தக் கால் கடற்கரையில் நாலு வருடம் நின்றதே ஆச்சரியம்.

கடலில் நான் படித்த பாடம் ஒன்றுதான். வள்ளத்து எஞ்சினிலிருந்து எந்தக் குழாயையும் நேரே இறக்கி வெளியே விடக் கூடாது. ஒரு தடவை வளைத்து, மேலே ஏற்றி, கொக்குக் கழுத்து மாதிரி எடுத்துத்தான் விட வேண்டும். நேரே விட்டால் அலை அடிக்கிற அடியில் கடல் அந்தக் குழாய் வழியாகவே எஞ்சினுக்குள் ஏறி வந்துவிடும். நாலு வருடத்தில் எத்தனை கொக்குக் கழுத்து வளைத்திருப்பேன் என்று தெரியாது. நித்திரையில் எழுப்பி ஒரு குழாயைக் கையில் தந்தாலும் கை தானாக வளைக்கும். அந்தக் கையோடுதான் கல்முனையில் உதுமாலெவ்வை முதலாளியின் கராஜில் போய்ச் சேர்ந்தேன். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது.

சண்டை ஓய்ந்து பாதைகள் திறந்திருந்த நேரம் அது. அதுவரை அம்பாறைக்கு அப்பால் போக யோசித்த வேன்கள் எல்லாம் கண்டிக்கும் பதுளைக்கும் ஓடத் தொடங்கின. எங்கள் ஊர் கடலோரத்து ஊர். பாலத்துக்கு ஏறுகிற மேடு தவிர ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. இங்கே குதிரை மாதிரி ஓடிய வேன்கள் மகியங்கனைக்கு அப்பால் பதினெட்டு வளைவில் ஏறும்போது ஆஸ்துமாக்காரன் போல இழுத்தன. ஆட்களை இறக்கி நடக்கவிட்டு ஏற்றியவர்களும் உண்டு. அதனால் எல்லாருக்கும் டர்போ ஆசை வந்தது.

டர்போ என்றால் நத்தை ஓட்டு வடிவத்தில் ஒரு சாமான். எஞ்சினிலிருந்து வெளியேறுகிற புகையின் வேகத்தில் அது சுழலும், சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அடிக்கும். காற்றுக் கூடினால் இழுவை கூடும். நடுவில் விரல் மொத்தத்தில் ஒரு தண்டு இருக்கிறது. அது சுழல்கிற வேகத்துக்கு ஒயில் கிடைக்காவிட்டால் கருகிவிடும். அதற்காக எஞ்சினின் பம்பிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று டர்போவுக்கு ஒயில் கொண்டுபோகும். தண்டைக் குளிப்பாட்டி முடித்த ஒயில் இன்னொரு குழாய் வழியாக எஞ்சினின் அடியில் இருக்கிற ஒயில் தொட்டிக்கு, அதாவது சம்ப்புக்குத் திரும்ப வேண்டும். நான் சொல்லப்போவது முழுக்க அந்த இரண்டாவது குழாயைப் பற்றித்தான்.

நற்பிட்டிமுனை ஆதம்பாவா காக்காதான் எங்களிடம் முதல் வந்தவர். எங்களுக்குள் காக்கா என்றால் அண்ணன். பெரிய உடம்பு, பெரிய குரல், வேனை 'மகள்' என்றுதான் கூப்பிடுவார். அவருடைய வேன் டர்போ இல்லாமல் பிறந்த எஞ்சின். பழைய சாமானில் கிடைத்த ஒரு டர்போவை வாங்கி வந்திருந்தார். அதன் உள்ளே தண்டைத் தாங்குகிற புஷ் தேய்ந்திருந்தது. உதுமாலெவ்வை முதலாளி அதைப் பாண்டிருப்பில் லேத்து வைத்திருந்த சிவநாதன் அண்ணனிடம் அனுப்பினார்.

சிவநாதன் அண்ணன் மெலிந்த ஆள், நாற்பத்தைந்து வயதிருக்கும், கதை குறைவு. பித்தளைக் கட்டியை லேத்தில் கடைந்து புஷ் எடுப்பார். மயிரிழை கூடக்குறைய விடமாட்டார். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று எல்லா இடத்து இரும்பும் அவரிடம் வரும். "பாண்டிருப்பு லேத்துல செஞ்சது" என்று சொன்னால் மேலே கேள்வி கிடையாது. அவருக்கு இருந்த சொத்து அந்தப் பேச்சு மட்டும்தான். வீடுகூட மனைவியின் சீதனம்.

டர்போ திரும்பி வந்தது. கையால் சுழற்றிவிட்டால் நிற்காமல் சுழன்றது. பூட்டுகிற வேலையும் குழாய் போடுகிற வேலையும் என்னுடையது. மெல்லிய குழாயைப் போட்டேன். இரண்டாவது குழாய்க்கு வந்ததும் என் கை கடலுக்குப் போய்விட்டது. வேன் மலையேறும்போது சம்ப்பில் ஒயில் அலை அடிக்குமே, அது குழாய் வழியாக டர்போவுக்குள் ஏறிவிட்டால்? யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானே கேட்டு நானே பதிலும் சொன்னேன். ரப்பர் ஹோஸை டர்போவிலிருந்து இறக்கி, எஞ்சினுக்குக் கீழே கொண்டுபோய், திரும்ப மேலே ஏற்றி, கொக்குக் கழுத்து எடுத்துச் சம்ப்பில் விட்டேன். ஒவ்வொரு சாணுக்கும் ஒரு கிளிப். அப்படி ஒரு அழகு. உதுமாலெவ்வை முதலாளி குனிந்து பார்த்துவிட்டு, "பாம்பு படுத்த மாதிரி இரிக்கிடா" என்றார். ஆதம்பாவா காக்கா வாசலில் போகிற ஆட்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்த ஹோஸைக் காட்டினார். நானும் பக்கத்தில் நின்று, ஒன்றும் பெரிதில்லை என்ற முகத்தோடு கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த முகத்தை இப்போது நினைத்தால் ஒரு அறை கொடுக்கலாம் போல இருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலிலிருந்து சனம் வெளியே வந்த நேரம் ஆதம்பாவா காக்கா வாசலில் நின்ற தன் வேனை ஸ்டார்ட் செய்தார். எஞ்சின் கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே சும்மா ஓடியது. பிறகு அவர் அக்ஸிலேட்டரை மிதித்தார். நீலமும் வெள்ளையுமாக ஒரு புகை கிளம்பியது. வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, அத்தர் பூசி வந்த அத்தனை பேரும் அதற்குள் காணாமல் போனார்கள். புகைக்குள்ளிருந்து யாரோ, "ஆதம்பாவா! மகளுக்குச் சாம்பிராணி போடுறயா, ஊருக்கே போடுறயா?" என்று கத்தினார்கள்.

டர்போ உள்ளே ஒயிலைப் பிடித்துவைக்க முடியாமல் புகைக்குழாய்க்குள் விடுகிறது என்பது எல்லாருக்கும் விளங்கியது. டர்போவைத் திறந்து வேலை செய்தது யார்? பாண்டிருப்பு லேத்து. முடிந்தது கதை. கழற்றி அனுப்பினோம். சிவநாதன் அண்ணன் திறந்து அளந்து பார்த்து, பிழை இல்லை என்று சொல்லி, ஆனாலும் ஒயில் கசியாமல் தடுக்கிற சீலைப் புதிதாகப் போட்டுத் திருப்பினார். பூட்டினேன், அதே கொக்குக் கழுத்தோடு. புகைத்தது. இரண்டாம் தரமும் அனுப்பினோம். புதுப் புஷ்ஷே கடைந்து அனுப்பினார். அதுவும் புகைத்தது.

எங்கள் ஊரில் ஒரு வாகனம் கெட்டால் அது கராஜுக்குள் கெடாது, தேத்தண்ணிக் கடையில் கெடும். கராஜுக்குப் பக்கத்துக் கடையில் மூன்று கிழமையாக அதே பேச்சு. "கை போயித்து அவருக்கு." "கண்ணும் போயித்துப் போல." "காரைதீவுல ஒரு ஆள் இரிக்கான், இனி அங்க குடுங்க." சொல்ல வெட்கம்தான், ஆனால் சொல்லத்தான் வேண்டும்: ஒரு நாள் அந்தக் கடை வாங்குப் பலகையில் இருந்து பிளேன்டி குடித்துக்கொண்டே, "லேத்து வேலைதான் பிழை, பூட்டினதுல ஒண்டும் இல்ல" என்று நானும் சொன்னேன். பெரிய மெக்கானிக் மாதிரி.

சிவநாதன் அண்ணன் ஒரு நாள் சைக்கிளில் கராஜுக்கு வந்தார். உதுமாலெவ்வை முதலாளியைப் பார்த்து, இருக்காமல் நின்றபடியே கதைத்தார்.

"நேத்து ரெண்டு பேர் தந்த வேலைய திருப்பிக் கொண்டு பெயித்தாங்க, முதலாளி. இருவது வருசத்துல அப்பிடி நடக்கல்ல. நான் என்ட லேத்த அளந்து பாத்திட்டன். அதுல பிழை இல்ல. பிழை என்ட எண்டு ஆராச்சும் காட்டினா, லேத்த வித்துப்போட்டு வேற தொழிலுக்குப் போறன்."

"கோவிச்சிக்காதீங்க தம்பி. ஆண்டவன் இரிக்கான், பாப்பம்" என்றார் முதலாளி. சிவநாதன் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஒரு பெட்டிக்குள் ஏதோ தேடுகிற மாதிரிக் குனிந்தேன். மெய்யாகவே அப்போது எனக்குப் பிழை தெரியாது. ஆனால் அந்த மனிதரின் முகத்தை நேரே பார்க்க ஏலவில்லை.

அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ, வரிப்பத்தான்சேனையில் வயல் உழுகிற கை டிரெக்டர் ஒன்று நின்றுவிட்டதென்று என்னை அனுப்பினார்கள். வேலையை முடித்துக் கை கழுவ வாய்க்காலுக்கு இறங்கினேன். அங்கே தண்ணீர் பங்கிடுகிற வட்டவிதானைக்கும் ஒரு வயல்காரனுக்கும் வாய்ச்சண்டை. அந்த ஆளுடைய வயலில் பயிர் முழுக்கத் தண்ணீருக்குள் நின்று மஞ்சளாகிக் கிடந்தது. வடிச்சலை ஆழமாகத்தான் வெட்டியிருந்தான். ஆனால் பக்கத்து வயலின் வரம்பைக் கடக்கும் இடத்தில் அதை மேடாக ஏற்றி எடுத்திருந்தான்.

"வெட்டித்தானே இரிக்கன், ஏன் போகல்ல?" என்று அவன் கேட்டான்.

"வாற தண்ணிய மதகு தள்ளும். போற தண்ணிய ஆருடா தள்ளுவான்? ஒண்ட மாமியா வந்து தள்ளுவாவா?" என்றார் வட்டவிதானை. வரம்பில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் சவர்க்கார நுரையோடு அப்படியே நின்றேன். டர்போவுக்குப் போகிற ஒயிலைப் பம்ப் தள்ளுகிறது. அங்கிருந்து திரும்புகிற ஒயிலை யார் தள்ளுகிறார்? ஒருவரும் இல்லை. அது தன் பாரத்தில் தானாக இறங்க வேண்டும். நான் என்ன செய்து வைத்திருக்கிறேன்? கீழே இறக்கி, மேலே ஏறு என்று சொல்லியிருக்கிறேன். கொக்குக் கழுத்தின் வளைவுக்குள் ஒயில் தேங்கி, டர்போ வயிறு நிரம்பி, போக்கிடம் இல்லாமல் புகைக்குழாய்ப் பக்கம் கக்குகிறது. லேத்தில் என்ன கடைந்தாலும் நிற்காது. கடலில் தண்ணீர் உள்ளே வராமல் இருக்கப் போட்ட வளைவை, ஒயில் வெளியே போக வேண்டிய இடத்தில் போட்டிருக்கிறேன். இந்தப் பிழையைச் செய்ய ஒரு ஆள் வயலை மறந்து, கடலை மறக்காமல் கராஜுக்கு வந்திருக்க வேண்டும். இரண்டு போகம் சேற்றுக்குள் நின்று வடிச்சல் வெட்டிய எனக்கு அது ஞாபகம் வரவில்லை, பாருங்கள்.

கராஜுக்கு வந்து முதலாளியிடம் சொன்னேன். அவர் ஹோஸை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. என்னை ஒரு வார்த்தை ஏசவும் இல்லை.

"பேசாம மாத்திப் போடு. மூணாந்தரம் லேத்துக்காரன் சரியாக்கிட்டான் எண்டு முடிஞ்சிரும். அவருக்கும் பேர் வந்திரும், நமக்கும் பேர் போகாது."

"மூணாந்தரம் சரியாக்கின எண்டா, முதல் ரெண்டு தரமும் கெடுத்த எண்டுதானே முதலாளி ஆகும்?"

"நீ இஸ்கூல் முடிக்கல்லையே, இந்தக் கணக்க எங்கடா படிச்ச?"

நான் உடனே வீரனாகிவிடவில்லை. ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பிழையை ஒத்துக்கொண்டால் அந்த ஊரில் என் கையில் இனி யார் வாகனம் தருவார்? கராஜை விட்டால் திரும்பவும் வாடிக்கோ சாயத்துக்கோ போக வேண்டும். கலியாணம் முடித்து எட்டு மாதம். மனைவியிடம் சொன்னேன். அவள் மீன் துப்பரவாக்கிக்கொண்டிருந்தாள். "நீங்க கடைக்குப் போயி அந்தாளப் பத்திச் சொன்னதும் இந்த வாயாலதானே? அதே வாயால போயிச் சொல்லுங்க" என்றாள், கத்தியை நிறுத்தாமலே.

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு ஆதம்பாவா காக்காவை வேனோடு வரச் சொன்னேன். சிவநாதன் அண்ணனுக்கும் ஆள் அனுப்பினேன். தேத்தண்ணிக் கடைக்கு ஆள் அனுப்பத் தேவையில்லை, அது தானாக எழும்பி வந்தது. முதலாளி கராஜ் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தடுக்கவில்லை.

வேனுக்குக் கீழே போய்க் கொக்குக் கழுத்து ஹோஸைக் கழற்றி எறிந்து, அது சம்ப்பில் புகுந்திருந்த துளையை அடைத்தேன். டர்போவின் அடியிலிருந்து ஒரு துண்டுக் குழாயை நேரே கீழே விட்டு, அதற்கு நேராக ஒரு வாளியை வைத்தேன். வெளியே வந்து சொன்னேன்: "சிவநாதன் அண்ணன்ட வேலைல பிழை இல்ல. ஹோஸ் போட்டது நான். பிழை என்ட."

எல்லாரும் குனிந்து வாளியைப் பார்த்தார்கள். பிறகு கூட்டத்தில் ஒருவர், "அப்ப மூணு கிழமையா நாங்க குடிச்ச தேத்தண்ணி எல்லாம் வீணா?" என்றார்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். புகை வந்தது. முன்பை விடக் கூடவாக வந்தது. கூட்டம் ஊளையிட்டது. "பிழைய ஒத்துக்கொண்டதுலயும் பிழை விட்டுட்டான்டா!" புகைக்குழாய்க்குள் மூன்று கிழமையாகக் குடித்த ஒயில் கிடக்கிறது, அது எரிந்து முடிய வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரியும் என்று நினைத்தேன். வாளிக்குள் ஒயில் கொட்டிக்கொண்டிருந்தது. எஞ்சினில் ஒயில் குறைந்துவிடாமல் நான் வாளியிலிருந்து பேணியால் அள்ளி அள்ளி மேலே ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் வடிய, மறு பக்கம் ஊற்ற, நடுவில் வியர்வை. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். சிவநாதன் அண்ணன் புகைக்குழாய்க்குப் பின்னால் அசையாமல் நின்றார். அவருடைய வெள்ளை வேட்டி அந்தப் புகையில் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. அவர் விலகவில்லை.

பிறகு புகை மெலிந்தது. பீடி அளவுக்கு வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஆதம்பாவா காக்கா மிதித்தார், விட்டார், திரும்ப மிதித்தார். பின்னால் நின்ற வாழை மரம் தெளிவாகத் தெரிந்தது.

சிவநாதன் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினார். வாளி ஒயிலுக்குள் விரலை விட்டு எடுத்து, வெயிலில் பிடித்து, பெருவிரலோடு உரசிப் பார்த்தார். பித்தளைத் தூள் மினுங்குகிறதா என்று தேடினார். ஒன்றும் மினுங்கவில்லை. அவர் முகம் அப்போதுதான் இளகியது. எழும்பி என்னிடம் வந்தார். ஏதாவது பெரிய வார்த்தை சொல்வார் என்று கூட்டம் பார்த்தது.

"மூணு தரம் கழட்டிப் பூட்டினதுல ஒரு போல்ட்டுக்குப் புரி தேஞ்சு பெயித்து. நாளைக்கு லேத்துக்கு வாங்க தம்பி. குழாயையும் அங்கேயே செய்வம்" என்றார்.

கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "இவன விடாதீங்க அண்ண. விட்டா வேனுக்கு நங்கூரமும் போட்டுருவான்!" சிரிப்பு மூண்டது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்புக்குள்ளே ஒருவர், "லேத்துல ஒண்டும் இல்லடா, நான் அப்பவே சொன்னன்" என்று சொன்னதும் என் காதில் விழுந்தது. அவர் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. பரவாயில்லை. அந்தப் பொய்க்காகத்தான் நான் மெய் சொன்னேன்.

மறுநாள் செய்த வேலையைப் பற்றி எனக்கு இன்றைக்கும் பெருமைதான். மறைக்க மாட்டேன். ரப்பர் ஹோஸை விட்டுவிட்டு, பெருவிரல் போகிற அகலத்தில் இரும்புக் குழாய் எடுத்தோம். சும்மா இறங்கி வருகிற ஒயில் நுரையோடு வரும், அதற்கு அகலம் வேண்டும். சம்ப்பைக் கழற்றி, ஒயில் நிற்கிற மட்டத்துக்கு மேலே புதுத் துளை போட்டோம். ஒயிலுக்குள் முங்குகிற வாயால் ஒயில் வடியாது. இடையில் எஞ்சினைத் தாங்குகிற கட்டை குறுக்கே நின்றது. மறுபக்கத்தில் நெருப்பாகச் சுடுகிற புகைக்குழாய். இரண்டுக்கும் நடுவே, ஓரிடத்திலும் தொய்யாமல், ஓரிடத்திலும் மட்டமாகப் படுக்காமல் ஒரு வழி வேண்டும். கம்பியை வளைத்து வளைத்து வழி பார்த்தேன். ஒன்பதாவது கம்பி சரி வந்தது.

அப்போதுதான் எனக்கு இன்னொன்று தோன்றியது. சமதரையில் இறக்கமாக இருக்கிற குழாய், வேன் மலையில் மூக்கைத் தூக்கினால் இறக்கமாகவே இருக்குமா? சிவநாதன் அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "அது நான் நினைக்கல்ல தம்பி" என்றார். அந்த ஒரு வசனம் எனக்கு ஒரு சான்றிதழ். வேனைத் தள்ளிக்கொண்டுபோய் வாய்க்கால் கரைமேட்டில் முன் சில்லுகளை ஏற்றி நிறுத்தினோம். குழாயின் மேல் வாயில் சைக்கிள் அச்சிலிருந்து எடுத்த இரும்புக் குண்டு ஒன்றைப் போட்டேன். அது நடுவில் நின்றுவிட்டது. குழாயைக் கழற்றி வாயைப் பின்பக்கமாகத் திருப்பி மறுபடி ஒட்டினோம். குண்டைப் போட்டேன். கடகடவென்று உருண்டு சம்ப்புப் பக்கத்தால் என் உள்ளங்கையில் விழுந்தது. சூடில்லாத சின்னக் குண்டு. உலகத்திலேயே பெரிய பரிசு வாங்கின மாதிரி அதைப் பொத்திப் பிடித்துக்கொண்டேன்.

பூட்டிப் பார்த்துவிட்டு, ஆட்களுக்குப் பதிலாகப் பத்து நெல் மூட்டையை ஏற்றிக்கொண்டு பதினெட்டு வளைவுக்குப் போனோம். சிவநாதன் அண்ணனும் நானும் பின் ஆசனத்தில் முழங்காலில் நின்று, பின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பாதையைப் பார்த்தபடி போனோம். ஒவ்வொரு வளைவுக்கும் ஆதம்பாவா காக்கா, "மகள் புகைக்கிறாளா?" என்று கத்துவார். "இல்ல காக்கா!" என்று இரண்டு பேரும் சேர்ந்து கத்துவோம். பத்தாவது வளைவுக்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை, நாங்களாகத்தான் கத்தினோம். உச்சியில் நிறுத்தியதும் சிவநாதன் அண்ணன் இறங்கிப் புகைக்குழாய்க்குள் விரலை விட்டு எடுத்துக் காட்டினார். சாம்பல் நிறத்தில் காய்ந்த கரி. ஒரு சொட்டு ஈரம் இல்லை. குளிர்காற்று அடித்தது. கீழே நாங்கள் ஏறி வந்த பாதை நூல் மாதிரிக் கிடந்தது.

அதற்குப் பிறகு சிவநாதன் அண்ணன் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். டர்போ வேலைக்கு யார் வந்தாலும், "வடிச்சல் ஆர் போடுற?" என்றுதான் முதல் கேட்பார். என் பெயரைச் சொன்னால் எடுப்பார். வேறு பெயர் சொன்னால், "அவர முதல் இஞ்ச வரச் சொல்லுங்க, கதைக்கணும்" என்பார். வேலை முடிந்ததும் டர்போவின் அலுமினிய ஓட்டில், வெளியே தெரியாத பக்கமாக, கூரான ஊசியால் இரண்டு பெயரைக் கீறுவார். முதலில் தன் பெயர், லேத்து. அதற்குக் கீழே என் பெயர், வடிச்சல். அதுவரை என் பெயரை யாரும் எழுதி வைத்தது பிறப்புப் பதிவிலும் அடையாள அட்டையிலும்தான். இரண்டிலும் எழுத்துப்பிழை இருந்தது. அலுமினியத்தில் பிழையில்லாமல் இருந்தது. பதினொரு வாகனத்தில் அப்படி எங்கள் பெயர் மலையேறிப் போனது.

பிறகு சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்த அந்தக் காலையில் லேத்து நின்ற கட்டடம் போனது. சிவநாதன் அண்ணன் தப்பினார். லேத்தை மணலிலிருந்து தோண்டி எடுத்தோம், உப்புத் தின்ற இரும்பு, திரும்பச் சுழலவில்லை. அவர் மட்டக்களப்பில் மகள் வீட்டோடு போய் இருந்து, அங்கேயே காலமானார். நான் கட்டாருக்குப் போனேன், வந்தேன், திரும்பப் போனேன். உதுமாலெவ்வை முதலாளியும் மௌத்தாகிப்போய், கராஜ் இருந்த இடத்தில் இப்போது போன் கடை. இப்போது வருகிற வாகனங்களுக்கு டர்போவும் வடிச்சலும் பிறக்கும்போதே இருக்கின்றன. ஒன்றுக்குக் கீழே குனிந்து பார்த்தேன். நல்ல இறக்கம், நல்ல அகலம், பிழை பிடிக்க முடியவில்லை. கொஞ்சம் கோபம்கூட வந்தது.

அந்தப் பதினொரு வாகனத்தில் ஒன்றும் இன்றைக்கு ஓடவில்லை. விசாரித்துவிட்டேன். எல்லாம் பழைய இரும்புக்குப் போய்விட்டன. இரும்பை ஒரு பக்கமாகவும் அலுமினியத்தை ஒரு பக்கமாகவும் பிரித்து லொறியில் ஏற்றுவார்கள். அலுமினியத்தை உருக்கிச் சட்டி பானை செய்கிறார்களாம். சிவநாதன் அண்ணனுடைய பெயரும் என்னுடைய பெயரும் ஒன்றாக உருகி, ஊர் பெயர் தெரியாத யாரோ ஒரு பெண்ணின் அடுப்பில் இருக்கக்கூடும். அந்தப் பானை ஒழுகாது. அதற்கு நான் பொறுப்பு.